பொன்விழாவுக்கு வராத பெரியப்பா

எங்கள் குடும்பத்தில் சண்டைக்குப் போய்வந்தவர் பெரியப்பா ஒருவர்தான். அவரைப் பார்த்து யாரும் அதை நம்பமாட்டார்கள் என்பதுதான் என் சின்ன வயதின் பெரிய குறை. காலையில் எங்கள் வீட்டு அடுப்படிச் சன்னல் வழியாகப் பார்த்தால், எதிர்வீட்டுப் பின்வாசல் படியில் அவர் உட்கார்ந்து, வாயில் ரிப்பனைக் கவ்வியபடி, தன் மகளுக்கு ரெட்டைச் சடை பின்னிக்கொண்டிருப்பார். எழுபத்தொன்றாம் வருடப் பாகிஸ்தான் சண்டையில் பாய்ந்த குண்டுச் சில்லு ஒன்று அவருடைய வலது தோளிலேயே தங்கிவிட்டது. அந்தக் கை தோளுக்கு மேலே எழும்பாது. அதனால் அக்கா எப்போதும் ஒரு படி கீழே உட்கார்ந்துகொள்வாள். அவள் தலையைத் திருப்பினால், "அசையாத. அட்டென்ஷன்!" என்பார். அக்கா களுக்கென்று சிரிப்பாள். சிரித்தாலும் வகிடு நூல் பிடித்தாற்போல நேராக வந்துவிடும். அம்மா எனக்குப் பின்னிவிடுவதைவிட அது நன்றாக இருந்தது என்பதை நான் வீட்டில் சொன்னதில்லை.

திண்டுக்கல் மேட்டுப்பட்டியில் ஒரே முற்றத்தைச் சுற்றி எங்கள் வீடும் பெரியப்பா வீடும் இருந்தன. பெரியம்மாவை எனக்கு நினைவில்லை. வடக்கே ஏதோ ஒரு ராணுவ ஆஸ்பத்திரியில் அவர் இறந்துபோனபோது அக்கா ஒன்றாம் வகுப்பில் இருந்தாளாம். பெரியப்பா மகளைத் தூக்கிக்கொண்டு ரயிலேறி ஊருக்கு வந்தார். பிள்ளையை எங்களிடம் விட்டுவிட்டு அவர் மறுபடியும் பட்டாளத்துக்குப் போய்விடுவார் என்றுதான் எல்லோரும் நினைத்திருக்கிறார்கள். அம்மா எனக்கும் அக்காவுக்கும் சேர்த்து ஒரே துணியில் கவுன் தைக்கக்கூடக் கொடுத்துவிட்டாளாம். ஆனால் பெரியப்பா போகவில்லை. அடுத்த பதவி உயர்வு கைக்கெட்டும் தூரத்தில் இருந்த நேரத்தில், வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார்.

சித்தையன்கோட்டையில் வாழ்க்கைப்பட்டிருந்த அத்தை, அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் மூத்தவள். தம்பிக்கு மறுகல்யாணம் செய்து வைத்துவிட வேண்டும் என்று அவள் விடாமல் முயன்றுகொண்டிருந்தாள். வரும்போதெல்லாம் மஞ்சள் பையில் தேங்காயும் பெண்ணின் போட்டோவும் இருக்கும். பெரியப்பா போட்டோவை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து மரியாதையாகப் பார்ப்பார். "நல்ல பொண்ணாத்தான் இருக்கு. நல்ல எடமாப் பாத்துக் கட்டிக்குடுக்கச் சொல்லு," என்று திருப்பிக் கொடுத்துவிடுவார். தேங்காயை மட்டும் வைத்துக்கொள்வார்.

ஊருக்கு வந்த பிறகு ஒரு வங்கியில் துப்பாக்கியோடு வாசலில் நிற்கும் காவலர் வேலை கிடைத்தது. பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் நான் அந்த வாசலைக் கடக்கும்போது சல்யூட் வைப்பேன். முகத்தில் ஒரு தசையும் அசையாது. என்னைத் தெரிந்ததாகவே காட்டிக்கொள்ளமாட்டார். அதே மனிதர் சாயங்காலம் முற்றத்தில் லுங்கியோடு உட்கார்ந்து வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே, "என்ன மேடம், இன்னிக்கு முழங்கை மடங்கல? சல்யூட்டு சரியில்லையே," என்பார். திண்டுக்கல்லில் அப்போது குழாயில் தண்ணீர் வருவது திருவிழா மாதிரி எப்போதாவது நடக்கும் விஷயம். தண்ணீர் வந்த அன்று தெருவே குடத்தால் அடித்துக்கொள்ளும். பெரியப்பா இடுப்பில் குடத்தோடு போய் வரிசையில் நிற்பார். ஆண்கள் குடம் தூக்குவதைப் பார்த்து எதிர்சாரியில் யாராவது சிரித்தால் அவரும் சேர்ந்து சிரிப்பார். தொட்டுக்கொள்ளும் வெஞ்சனத்துக்குத் தேங்காய் அரைப்பது, யூனிபார்முக்கு நீலம் போடுவது, அக்காவுக்குப் பேன் பார்ப்பது என்று ஒன்றுவிடாமல் செய்வார். ஒரு நாயைக்கூடச் சத்தம் போட்டு விரட்டி நான் பார்த்ததில்லை.

இப்படிப்பட்டவரிடம் சண்டைக் கதை கேட்டால் என்ன கிடைக்கும்? "எத்தனை பேரைச் சுட்டீங்க பெரியப்பா?" என்று நான் கேட்பேன். அவர் பஞ்சாபில் கடுகு பூத்திருக்கும் வயலைப் பற்றிச் சொல்வார். கோவேறு கழுதைக்கு வெல்லம் கொடுத்தால்தான் மேடேறும் என்பார். தம்ளரில் ஊற்றிய டீ குடிப்பதற்குள் ஆறிப்போகும் குளிரைச் சொல்வார். "அப்புறம் சண்டை?" என்றால், "சண்டையில பாதி நேரம் சும்மா காத்துக்கிட்டுக் கெடக்கிறதுதான்த்தா," என்று எழுந்து உலை வைக்கப் போய்விடுவார்.

உண்மையான கதை எங்களுக்கு வேறு வழியில் வந்தது. ஒரு டிசம்பர் மாதம் தலைப்பாகை கட்டிய ஒரு சர்தார்ஜி எங்கள் தெருவுக்கு வந்தார். பெரியப்பாவோடு பட்டாளத்தில் இருந்தவர். வேளாங்கண்ணி, ராமேஸ்வரம் என்று குடும்பத்தோடு சுற்றிப்பார்க்கக் கிளம்பியவர், இவரைப் பார்ப்பதற்காகவே திண்டுக்கல்லில் இறங்கியிருக்கிறார். ஒரு காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்தார். பெரியப்பாவைக் கண்டதும் கட்டிப்பிடித்துத் தரையிலிருந்து தூக்கிவிட்டார். பிறகு முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, எங்கள் எல்லோரையும் பார்த்து இந்தியில் பேசத் தொடங்கினார். கையை வீசினார். குனிந்து எதையோ தோளில் தூக்குவதுபோலச் செய்து காட்டினார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவ்வளவு நேரம் பேசி முடித்ததும் நாங்கள் எல்லோரும் ஆவலாகப் பெரியப்பாவைப் பார்த்தோம்.

"நம்ம ஊரு ரொம்பச் சூடா இருக்காம்," என்றார் பெரியப்பா.

சர்தார்ஜி சந்தேகத்தோடு பார்த்துவிட்டு, பெரியப்பாவின் தோளைத் தட்டித் தட்டி இன்னொரு மூச்சு பேசினார். "பிரியாணி நல்லா இருந்துச்சாம்," என்று அதையும் மொழிபெயர்த்தார் பெரியப்பா. எங்கள் வீட்டில் யாருக்கும் இந்தி தெரியாது என்ற தைரியம் அவருக்கு. ஆனால் அக்கா ராணுவக் குடியிருப்பில் பிறந்து வளர்ந்தவள் என்பதை மறந்துவிட்டார். தூணோரம் நின்றிருந்த அவள் கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டிருந்தது. மறுநாள் மொட்டைமாடியில் வைத்து எனக்கு எல்லாவற்றையும் சொன்னாள். ஒரு வாய்க்காலைத் தாண்டிப் போனபோது குண்டு விழுந்து சர்தார்ஜியின் கால் நொறுங்கிவிட்டதாம். எல்லோரும் பின்வாங்கி இந்தக் கரைக்கு வந்த பிறகு பெரியப்பா மட்டும் திரும்பிப் போனாராம். தோளில் சில்லு பாய்ந்த பிறகும், அடுத்த தோளில் அவரைப் போட்டுக்கொண்டு கழுத்தளவுத் தண்ணீரில் நடந்து வந்தாராம். அதற்குத்தான் அவருக்குப் பதக்கம் கொடுத்தார்களாம்.

அக்கா அழுதுகொண்டே சொன்ன கதையை நான் வகுப்பில் சிரித்துக்கொண்டே பரப்பினேன். என் வாயில் வாய்க்கால் ஆறாயிற்று. சர்தார்ஜி ஒருவர் மூவரானார். இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் வாய்பிளந்து கேட்டார்கள். ஆனால் ஒரு சிக்கல். அவர்களில் பலர் பெரியப்பாவைக் குழாயடியில் குடத்தோடு பார்த்திருந்தார்கள். "அவராடி? எங்கம்மாகிட்ட கோலமாவு கடன் கேக்க வந்தாரே, அவரா?" என்றாள் ஒருத்தி. அதற்குமேல் என்னால் கதையை நகர்த்த முடியவில்லை.

நான் மூன்றாம் வகுப்புக்குப் போன அந்த வருடத்தில்தான் சுதந்திரப் பொன்விழா வந்தது.

ஐம்பதாவது ஆண்டு என்பதால் அந்த ஆகஸ்டு பதினைந்தை மைதானத்தில் பெரிதாகக் கொண்டாடப்போவதாகச் சொன்னார்கள். கலெக்டர் கொடியேற்றிய பிறகு தியாகிகளுக்கும், சண்டையில் பதக்கம் வாங்கிய முன்னாள் ராணுவத்தினருக்கும் சால்வை போர்த்தி மரியாதை செய்வார் என்று பெரியப்பாவுக்குத் தகவல் வந்தது. எங்கள் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டு உடற்பயிற்சிக்கு எங்கள் வகுப்பைத்தான் அழைத்துப் போகிறார்கள் என்று எனக்குத் தகவல் வந்தது. இரண்டும் ஒன்றாக நடக்கப்போகிறது என்று தெரிந்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கலெக்டரே சால்வை போர்த்தும்போது யார் கோலமாவைப் பற்றிப் பேசமுடியும்?

பெரியப்பா முதலில், "அதெல்லாம் எதுக்கு," என்றுதான் சொன்னார். ஆனால் அக்கா விடவில்லை. பெட்டிக்கு அடியிலிருந்து கறுப்புக் கோட்டை எடுத்து வெயிலில் போட்டாள். பதக்கங்களைப் புளிபோட்டுத் தேய்த்தாள். தையற்காரரிடம் கொடுத்துக் கோட்டின் இடுப்பைக் கொஞ்சம் விட்டுத் தைத்து வாங்கினாள். ஒருநாள் சாயங்காலம் அதைப் போட்டுப் பார்ப்பதாகச் சொல்லி உள்ளே போனவர், வெளியே வரும்போது வேறு ஆளாக இருந்தார். தொப்பியைச் சற்றே சாய்த்து வைத்து, நெஞ்சில் பதக்கங்கள் வரிசையாகத் தொங்க, முற்றத்தில் நின்ற அவரைப் பார்த்து அம்மா தன்னையறியாமல் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். கண்ணாடி முன்னால் அவர் கொஞ்சம் அதிக நேரம் நின்றதை நான் பார்த்தேன். அவருக்கும் ஆசை இருந்தது.

அன்றைக்கு மாதா விண்ணேற்புத் திருநாளும்கூட. சர்ச்சில் விடிகாலைப் பூசை முடிந்து எல்லோரும் வீட்டுக்கு வந்தோம். அத்தை முதல்நாளே கூடை நிறைய மல்லிகையோடு வந்திறங்கியிருந்தாள். உடற்பயிற்சிக்கு நான் சீக்கிரம் போகவேண்டும் என்பதால் அப்பா, அம்மா, அத்தை, நான் நால்வரும் ஆட்டோவில் முன்னால் கிளம்பினோம். பெரியப்பா கோட்டும் தொப்பியுமாக வாசலில் டி.வி.எஸ். ஐம்பதைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நீங்க முன்ன போங்க. பாப்பா பட்டுப் பாவாடை கட்டிக்கிட்டு இருக்கா. செத்த நேரத்துல பின்னாலேயே வந்திர்றோம்," என்றார்.

மைதானத்தில் எங்களை வெயிலில் வரிசையாக நிறுத்தினார்கள். கொடியேறியது. போலீஸ் அணிவகுப்பு போயிற்று. நாங்கள் கலர்க் காகித வளையத்தை ஆட்டி உடற்பயிற்சி செய்தோம். நான் கைகளைத் தப்பான பக்கம் ஆட்டிக்கொண்டிருந்தேன். கண் முழுக்க மேடைக்குப் பக்கத்தில் போட்டிருந்த நாற்காலி வரிசையில் இருந்தது. அதில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது.

தியாகிகளைக் கூப்பிட்டார்கள். வயதானவர்கள் மெல்ல மெல்ல ஏறி இறங்கினார்கள். பிறகு பெரியப்பாவின் பதவியையும் பெயரையும் ஊரையும் மைக்கில் சொன்னார்கள். மைதானம் முழுக்க அந்தப் பெயர் எதிரொலித்தது. "எங்க பெரியப்பா!" என்று நான் இருபக்கமும் இடித்துச் சொன்னேன். யாரும் எழுந்து வரவில்லை. மறுபடியும் கூப்பிட்டார்கள். பந்தலுக்கடியில் அம்மாவும் அத்தையும் எழுந்து வாசல் பக்கம் எட்டிப்பார்ப்பது தெரிந்தது. மூன்றாவது முறை கூப்பிட்டபோது அம்மா அப்பாவை முதுகில் கைவைத்துத் தள்ளினாள். போய், அண்ணன் இன்னும் வரவில்லை, கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லிவிட்டு வரச்சொல்லித்தான் தள்ளியிருக்கிறாள்.

அப்பா ஆரம்பப் பள்ளி ஆசிரியர். வீட்டில் கரப்பான்பூச்சி வந்தால் நாற்காலியில் ஏறிக்கொண்டு அம்மாவைக் கூப்பிடுகிறவர். தயங்கித் தயங்கி மேடைப் படியருகே போய், அங்கிருந்தவரிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் பேண்டு வாத்தியம் முழங்கிவிட்டது. யாரோ அவரைக் கைகொடுத்து மேலே ஏற்றிவிட்டார்கள். அப்பா கலெக்டரைப் பார்த்துக் கும்பிட்டார். சால்வை தோளில் விழுந்தது. காமிரா பளிச்சென்று மின்னியது. கலெக்டர் கைகுலுக்கியபடி, சண்டையில் எந்தப் பகுதியில் இருந்தீர்கள் என்று அன்போடு கேட்டிருக்கிறார். அப்பா அந்தப் பதற்றத்தில், "மேட்டுப்பட்டி சார்," என்று சொல்லியிருக்கிறார்.

மைதானமே கைதட்டியது. என் பக்கத்தில் நின்றவள், "உங்க பெரியப்பா அப்படியே உங்க அப்பா மாதிரியே இருக்காருடி," என்றாள். பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. "அது அவ அப்பாதான்டி. எங்க தம்பிக்கு அவருதான் ஒண்ணாப்பு சார். இம்புட்டு நாளும் நம்மகிட்ட கதை விட்டிருக்கா!" வரிசை முழுக்கச் சிரிப்பு பரவியது. டீச்சர் அதட்டும்வரை சிரித்தார்கள். நான் வளையத்தை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டேன்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் அத்தை, "வண்டியில எங்கயும் விழுந்து கெடக்காகளோ," என்று சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தாள். அம்மா செபமாலையை உருட்டிக்கொண்டு வந்தாள். அப்பா சால்வையை மடித்துக் கக்கத்தில் ஒளித்து வைத்திருந்தார். வழியில் கூட்டமாக நின்ற இடத்தில் எல்லாம் ஆட்டோவை மெதுவாகப் போகச்சொல்லித் தலையை நீட்டிப் பார்த்தார்.

வீட்டு வாசலில் டி.வி.எஸ். ஐம்பது குறுக்காக நின்றது. அடுப்படியிலிருந்து உளுந்தும் கருப்பட்டியும் வேகும் வாசனை வந்தது. உள்ளே பெரியப்பா வாணலியின் முன்னால் நின்று களி கிண்டிக்கொண்டிருந்தார். தொப்பியைக் கழற்றியிருந்தார். கோட்டைக் கழற்ற மறந்திருந்தார். கரண்டியைச் சுற்றும்போதெல்லாம் பதக்கங்கள் ஒன்றோடொன்று இடித்துக் கிலுகிலுவென்று சத்தம் கேட்டது. கால்சட்டையின் பின்பக்கம் முழுக்க ஈரம். அக்காவின் அறைக்கதவு ஒருக்களித்துச் சாத்தியிருந்தது.

அவர் அம்மாவைப் பார்த்துத் தணிந்த குரலில் ஏதோ ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். உடனே கண் கலங்கினாள். அக்காவின் அறைக்குள் ஓடினாள். அத்தை குலவை போட வாயெடுத்தவள், அடுப்பைப் பார்த்ததும் நிறுத்திவிட்டாள்.

"அங்க கலெக்டரு மைக்குல கூப்புட்டுக்கிட்டே இருக்காக. நீ இங்க நின்னு களி கிண்டிக்கிட்டு இருக்கியா? பக்கத்து வீட்டுப் பாயம்மாவ விட்டுட்டு ஓடி வந்திருக்கலாம்லடா?"

"அந்தம்மா வாரேன்னுதான் சொல்லுச்சு. நாந்தான் வேண்டான்னுட்டேன். உளுந்து மாவு மட்டும் வாங்கிக்கிட்டேன்."

"இம்புட்டு வருசமா ஒருத்தரும் உன்னையக் கூப்புடல. இன்னிக்குத்தான கூப்புட்டாக."

"இன்னொரு நாளைக்குக் கூப்புடுவாக."

"பொம்பளப் புள்ள விசயம்டா. தகப்பன் மொகத்துல முழிக்கக் கூடாது. ஆகாதுடா."

"அதெல்லாம் முழிச்சாச்சுக்கா," என்றார் பெரியப்பா. "கட்டி தட்டப்போகுது. அந்த நல்லெண்ணெய எடு."

அத்தை முணுமுணுத்துக்கொண்டே எண்ணெயை எடுத்து நீட்டினாள். நான் அம்மாவின் பின்னால் அறைக்குள் நுழையப் பார்த்தேன். "அக்காவுக்கு வயித்து வலி. நீ வெளிய வெளையாடு," என்று அம்மா கதவைச் சாத்திவிட்டாள். எனக்கு வயிற்று வலி வந்தால் ஓமத்தைக் காய்ச்சி மூக்கைப் பிடித்துக்கொண்டு ஊற்றுவார்கள். அக்காவுக்கு மட்டும் கருப்பட்டி போட்டு, நல்லெண்ணெய் ஊற்றி, கோட்டுப் போட்ட ஆள் கிண்டிய களி. எங்கள் வீட்டில் நடக்கும் பாரபட்சம் அன்றைக்கு எனக்கு முழுதாகப் புரிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் பத்திரிகையில் படம் வந்தது. கண்களை அகல விழித்தபடி, யாரோ பிடித்துக்கொண்டதுபோலச் சால்வைக்குள் அப்பா நின்றார். கீழே பெரியப்பாவின் பெயரும், சண்டையில் அவர் காட்டிய வீரமும் இரண்டு வரியில் இருந்தன. அப்பா அந்த வாரம் முழுக்கத் தலைகுனிந்தபடி பள்ளிக்கூடம் போனார். பெரியப்பாவோ படத்தைக் கத்தரித்து, கண்ணாடிச் சட்டம் போட்டு, தன் வீட்டு முன்னறையில் மாட்டினார். யாராவது வந்தால், "எந்தம்பி. பயங்கரமான ஆளு," என்று காட்டுவார். கலெக்டர் கைகுலுக்கினாரே, அதுபற்றி அப்பாவிடம் ஒரு தடவை மட்டும் கேட்டார். "கை எப்படி இருந்துச்சு?" அப்பா அந்தக் கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார். அதற்குப் பிறகு எந்த விழாவுக்கும் பெரியப்பாவை யாரும் கூப்பிடவில்லை.

அன்று வீட்டில் நடந்ததை அக்கா என்னிடம் சொன்னது பத்து வருடங்களுக்கு மேல் கழித்து. பெரியப்பா இறந்து முப்பதாம் நாள் பூசை முடிந்த சாயங்காலம். கல்யாணமாகி இரண்டு பிள்ளைகளுக்குத் தாயாகியிருந்தாள். உறவினர்கள் கிளம்பிப்போன பிறகு நாங்கள் இருவரும் அவருடைய துணிமணிகளைப் பிரித்துக்கொண்டிருந்தோம். நான்தான் எதையோ நினைத்துச் சிரித்து, அப்பா சால்வை வாங்கிய கதையைத் தொடங்கினேன். அக்கா சிரிக்கவில்லை.

அன்று எங்கள் ஆட்டோ கிளம்பிய சற்று நேரத்தில் அவள் குளியலறைக்குள் போய்த் தாழ்போட்டுக்கொண்டாளாம். பெரியப்பா வெளியே ஹாரன் அடித்துப் பார்த்தார். பிறகு வந்து கதவைத் தட்டினார். அழுகைச் சத்தம் மட்டும் கேட்டது. அவர் கேட்கக் கேட்க, கடைசியில் அவள் உள்ளேயிருந்து, "அப்பா, ரத்தம் வருதுப்பா. நானும் அம்மா மாதிரி செத்துப்போயிருவேனா?" என்று கேட்டிருக்கிறாள்.

பெரியம்மா இறந்தது எப்படி என்று எங்கள் வீட்டில் யாரும் பேசியதில்லை. இரண்டாவது பிள்ளை வயிற்றில் இருந்தபோது திடீரென்று ரத்தப்போக்கு ஏற்பட்டிருக்கிறது. பெரியப்பா அப்போது எல்லைப் பக்கம் வேலையில் இருந்தார். குடியிருப்பில் தாயும் மகளும் மட்டும். தரையெல்லாம் ரத்தமாகக் கிடந்ததையும், ஜீப் வந்து அம்மாவை ஏற்றிக்கொண்டு போனதையும் அக்கா கதவோரம் நின்று பார்த்திருக்கிறாள். பெரியப்பா வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அம்மாவுக்குக் காய்ச்சல் என்று மகளிடம் சொல்லி வைத்திருந்தார். மகளும் அதை நம்பியதுபோலவே இருந்திருக்கிறாள்.

"அப்பா அப்படியே அந்த ஈரத் தரையில உக்காந்துட்டாரு," என்றாள் அக்கா. "கதவுக்கு அந்தப் பக்கம் அவரு உக்கார்ற சத்தம் எனக்குக் கேட்டுச்சு. அப்புறம் எல்லாத்தையும் சொன்னாரு. எங்க டீச்சர்கூட அப்படிச் சொல்லிக் குடுத்ததில்ல. உனக்கு வந்திருக்கிறது நோவு இல்லடா, ஒடம்பு வளந்திருக்கு, எல்லாப் பொம்பளப் புள்ளைக்கும் வாரதுதான், உங்கம்மாவுக்கு வந்தது வேறன்னாரு. அம்மா எப்படிச் செத்தாங்கன்னு அன்னிக்குத்தான் மொதத் தடவையா சொன்னாரு. எனக்கு ஒரு தம்பி பொறந்திருக்கணும்னும் சொன்னாரு."

விழாவுக்கு நேரமாகிவிட்டது, நீங்கள் போங்கள் என்று அவள் உள்ளேயிருந்து சொல்லியிருக்கிறாள். அதற்கு அவர் சொன்னதை, கையிலிருந்த சட்டையை மடித்தபடியே அக்கா சொன்னாள். "அன்னிக்கு நான் பக்கத்துல இல்ல பாப்பா. இன்னிக்கு இருக்கேன்ல. எங்க போகச் சொல்ற?"

அவள் கதவைத் திறந்ததும், அந்தக் கோட்டோடேயே வண்டியை எடுத்துக்கொண்டு மருந்துக்கடைக்குப் போயிருக்கிறார். மெடல் குத்திய ஆள் வந்து நாப்கின் கேட்டதும், கடைக்காரர் கல்லாவிலிருந்து எழுந்து நின்றுவிட்டாராம். பெரியப்பா அதைச் சொல்லிக் காட்டித்தான் மகளை முதல்தடவையாகச் சிரிக்க வைத்திருக்கிறார். அப்புறம் சுவரோரம் நின்று பாயம்மாவிடம் களிக்குப் பக்குவம் கேட்டுக்கொண்டு அடுப்பைப் பற்றவைத்திருக்கிறார். நாங்கள் வந்து சேர்ந்தது அப்போதுதான்.

மூன்றாம் வகுப்பில் இருந்த எனக்கு இதில் ஒன்றும் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம், கலெக்டர் கூப்பிட்டார், பெரியப்பா வரவில்லை, வகுப்பே என்னைப் பார்த்துச் சிரித்தது என்பதுதான். அன்று சாயங்காலம்வரை பொறுத்துப் பார்த்தேன். யாரும் எனக்குச் சமாதானம் சொல்ல வரவில்லை. அத்தை அக்காவின் தலையில் மல்லிகையை அடுக்கிக்கொண்டிருந்தாள். அம்மா மஞ்சள் அரைத்துக்கொண்டிருந்தாள். பெரியப்பா கிணற்றடியில் தனியாக உட்கார்ந்து களிப்பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார். கோட்டைக் கழற்றி, பழையபடி லுங்கிக்கு வந்திருந்தார்.

நான் போய் முன்னால் நின்றேன். ஏன் வரவில்லை என்று கேட்டேன். அவர் பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். நான் யோசித்து வைத்திருந்த ஒரே காரணத்தைக் கேட்டுவிட்டேன்.

"பயந்துட்டீங்களா பெரியப்பா?"

தேய்ப்பதை நிறுத்திவிட்டு அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அவர் சிரிப்பார், இல்லையென்றால் திட்டுவார் என்று நினைத்தேன். இரண்டும் செய்யவில்லை.

"ஆமாத்தா," என்றார். "ரொம்பப் பயந்துட்டேன். அப்படி ஒரு நாளும் பயந்ததில்ல."

எனக்கு உடனே கோபமெல்லாம் போய்விட்டது. பாவமாக இருந்தது. சண்டைக்குப் பயப்படாதவர் கலெக்டருக்கும் மைக்குக்கும் பயந்துபோய் வீட்டுக்குள்ளேயே ஒளிந்துகொண்டிருக்கிறார். மேடையில் பாட்டுப் பாடக் கூப்பிட்டால் எனக்கும் அப்படித்தான் ஆகும். பக்கத்தில் உட்கார்ந்து, சாம்பல் அப்பியிருந்த அவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன்.

"பயப்படாதீங்க பெரியப்பா," என்று நான் அவருக்குத் தைரியம் சொன்னேன். "கலெக்டரு வீட்டுக்குப் போயிட்டாரு. இனிமே அடுத்த வருசந்தான் வருவாரு."